தயிர் பிஸ்கட்டில் தயிர் எவ்வளவு?

கேள்வி: மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன், தயிர்சாதம் கட்டிக்கொடுத்தால் டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருகிறான். பழக்கூழும் தயிர் கிரீமும் வைத்த பிஸ்கட்டை மட்டும் மிச்சம் வைப்பதில்லை. பாக்கெட்டில் தயிர்க் கிண்ணமும் ஸ்ட்ராபெரியும் அச்சிட்டிருப்பதால், தயிரும் பழமும் எப்படியோ உள்ளே போகின்றன என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன். இது சரிதானா?
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: பாக்கெட்டின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு பொருளைப் படமாகவோ எழுத்தாகவோ முன்னிறுத்தி விற்றால், அது எத்தனை சதவீதம் சேர்க்கப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன; எனவே அந்தக் கிண்ணத்துக்கு உரிய எண் சிறிய எழுத்தில் அங்கே இருக்க வேண்டும்.

அந்த எண் தயிர்த்தூள் 2 சதவீதம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 கிராம் பாக்கெட்டில் 1 கிராம் தூள் இருக்கும். தயிரில் பெரும்பகுதி நீரே என்பதால், அந்தத் தூள் ஏறத்தாழ 8 கிராம் தயிருக்கு, அதாவது இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவான தயிருக்குச் சமம். தயிரின் நன்மை தரும் நுண்ணுயிர்களையும் அதில் எதிர்பார்க்க இயலாது. மாவோடு பிசைந்த தயிர் ஓவனின் கடும் சூட்டில் வெந்துவிடுகிறது. கிரீமாகப் பின்னர் வைக்கப்படுவதோ பெரும்பாலும் சர்க்கரையும் தாவரக் கொழுப்பும் கலந்த தூள்தான்.

பழத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஈரமான பழத்தை வைத்தால் பிஸ்கட் நமத்துப்போகும் என்பதால், சர்க்கரைப்பாகோடு சுண்டக் காய்ச்சிய கூழையே நடுவில் வைக்கிறார்கள். அதை ஜாம் என்று அழைப்பதே பொருத்தம். சூட்டில் வைட்டமின் சி பெருமளவு போய்விடுகிறது. சர்க்கரை மட்டும் ஒரு துளியும் குறையாமல் தங்குகிறது. 100 கிராமுக்கு 28 கிராம் சர்க்கரை என்று அச்சிட்டிருந்தால், தங்கள் மகன் ஓர் இடைவேளையில் 14 கிராம், ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி சாப்பிடுகிறான். நாளொன்றுக்கு 1,600 கலோரி தேவைப்படும் குழந்தைக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி இத்தகைய சர்க்கரை 40 கிராமைத் தாண்டக்கூடாது; அதில் பாதியோடு நிறுத்துவது இன்னும் நல்லது.

இதனால் அந்த பிஸ்கட்டை வீட்டைவிட்டே விரட்ட வேண்டும் என்று சொல்லவரவில்லை. மாலைத் தேநீரோடு இரண்டைத் தின்பவர்களில் நானும் ஒருத்தி. அது தின்பண்டம், தயிருக்கும் பழத்துக்கும் ஈடாகாது, அவ்வளவே. பள்ளி டப்பாவில் ஏலக்கி வாழைப்பழமோ, உங்கள் ஊரில் பேரு என்று கூவி விற்கும் கொய்யாவோ, ஒரு பிடி வறுத்த கடலையோ வையுங்கள்.

தயிர்சாதத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மும்பையின் புழுக்கத்தில் காலையில் பிசைந்த தயிர்சாதம் இடைவேளைக்குள் புளித்துவிடும். மூடியருகே வரும் அந்த வாடைதான் மகனை விரட்டுகிறதோ என்னவோ. நன்றாக ஆறிய குழைந்த சாதத்தில், காய்ச்சி ஆறவைத்த பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரே ஒரு தேக்கரண்டி தயிர் கலந்து, ஒரு வாரம் கட்டிக்கொடுத்துப் பாருங்கள். அவன் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் அது பதமாக உறைந்துகொண்டிருக்கும்.