துலூஸில் மூன்று வருடம்: ரெயூனியனிலிருந்து கேட்ட ஒரு அம்மாவுக்கு

வணக்கம் அக்கா,

கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து போவதைப் பற்றி உங்கள் மகள் பிரான்சின் துலூஸ் நகரில் செய்யப்போகும் முனைவர் பட்ட ஆய்வைச் சொல்லி, 'இஞ்சினியரிங் முடித்த பெண், சுண்ணாம்பு கரைவதைக் கணக்குப் போட மூன்று வருடம் துலூஸ் போவதா?' என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பணக் கவலையை விடுங்கள். பிரான்சில் முனைவர் பட்ட ஒப்பந்தம் சம்பள வேலை. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம், பிடித்தத்துக்கு முன், மாதம் 2,200 யூரோ.

உங்கள் ரெயூனியன் தீவின் தலைநகர் சேன்-தெனியில் பழைய மொட்டைமாடிகளுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்து, ஊசி மாதிரி தொங்குமே, அது கான்கிரீட்டிலிருந்து கசிந்து வந்த கால்சியம்தான். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது, நாம் வெற்றிலையில் தடவும் அதே நீர்த்த சுண்ணாம்பு உள்ளே உண்டாகிறது. மழைநீர், மலை ஓடை நீர் போன்ற மென்னீர் (தாது உப்பு குறைந்த நீர்) ஓயாமல் பட்டால் முதலில் அந்தச் சுண்ணாம்பு கரையும். அப்புறம் கான்கிரீட்டையே பிடித்து வைத்திருக்கும் கால்சியம் சிலிகேட் பசையும் கால்சியத்தை இழக்கும். துளைகள் பெரிதாகும், வலு குறையும், துளை பெரிதானதால் கால்சியம் இன்னும் சுலபமாக வெளியேறும்.

ஆனாலும் இது மிக மெதுவாக நடப்பது. அரிப்பு இரண்டு மடங்கு ஆழம் போக ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் பிடிக்கும். அம்மோனியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து ஆய்வகத்தில் வேகப்படுத்திப் பார்க்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கைக் கணினியில்தான் போட முடியும். உங்கள் மகளின் வேலை அதுதான்.

பிரான்சின் ஓப் மாவட்டத்தில் அணுக்கழிவை கான்கிரீட் அறைகளில் வைக்கும் இடம் 1992 முதல் நடக்கிறது. மூடிய பிறகும் 300 ஆண்டு கண்காணிப்பது திட்டம். அத்தனை காலத்துக்கு கான்கிரீட் என்ன ஆகும் என்று அந்த்ரா (அணுக்கழிவைக் கவனிப்பது), சி.ஈ.ஏ (அணுசக்தி ஆய்வு), ஈ.டி.எஃப் (மின்சாரம்) போன்ற பிரெஞ்சு நிறுவனங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். இந்தத் துறையில் பிரான்ஸ் உண்மையிலேயே முன்னணியில் இருக்கிறது. எனக்குப் பயமில்லாததற்குக் காரணம் அதுதான்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இந்த வேலைகள் பெரும்பாலும் பிரான்ஸ் பெருநிலத்தில்தான், ரெயூனியன் தீவில் குறைவு. திரும்பி வர நினைத்தாலும் கற்றது வீணாகாது. தீவில் 2022இல் திறந்த கடலோரச் சாலையின் 5,400 மீட்டர் பாலம் 100 ஆண்டு நிற்க வேண்டும். அங்கே எதிரி கடல் உப்பிலுள்ள, உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடு, ஆனால் அது உள்ளே ஊடுருவும் கணக்கும் இதே குடும்பம்தான்.

நான் தயங்கும் இடம் வேறு. அவளுக்கு நிரல் எழுதப் பிடிக்குமா? வகைக்கெழுச் சமன்பாட்டோடு நாள் முழுக்க உட்காருவாளா? கட்டுமானத் தளத்தின் பரபரப்புதான் பிடிக்கும் என்றால் இது வேண்டாம், நேராக வேலைக்குப் போகட்டும்.

கையெழுத்துக்கு முன் அந்த ஆய்வகத்தில் இப்போது ஆய்வு செய்யும் ஒருவரிடம் அவளே போனில் பேசட்டும். சோதனைக்கு எத்தனை மாதம், கணினிக்கு எத்தனை மாதம், முன்பு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்கட்டும். ஒப்பந்தம் வந்ததும் எனக்கு அனுப்புங்கள் அக்கா, வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.