கட்டுரை எழுதினால் சம்பளம் கொடுப்பார்களா? போடியிலிருந்து கேட்ட ஓர் அம்மாவுக்கு

அக்கா, நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆறு நிமிடப் பேச்சை இரண்டு தடவை கேட்டேன். பின்னால் சல்லடை ஓடுகிற சத்தத்தில் சில இடங்கள் அமுங்கிவிட்டன, ஆனால் கவலை என்னவென்று புரிந்தது. பாப்பா பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, ஆன்லைனில் ஏலக்காய் விற்கிற ஒரு கடைக்குக் கட்டுரை எழுதுகிறாள். மாதம் 4,000 ரூபாய் வருகிறது. அக்கம்பக்கத்தில் "வீட்டில் உட்கார்ந்து போனை நோண்டுகிறாள்" என்கிறார்கள். கட்டுரைக்கு எவனாவது காசு கொடுப்பானா, பேசாமல் பி.எட். சேர்த்துவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கொடுப்பான். ஏன் கொடுக்கிறான் என்பதை முதலில் சொல்கிறேன்.

போடி பஜாரில் ஏலக்காய் வாங்க வருகிறவர் என்ன செய்வார்? கையில் அள்ளுவார், ஒரு காயை உடைப்பார், உள்ளே இருக்கிற அரிசியை, அதாவது விதையை, வாயில் போட்டுப் பார்ப்பார். சென்னையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு அந்த வழி கிடையாது. அவர் கூகுளில் கேட்கிறார்: "8 எம்எம் ஏலக்காய் என்றால் என்ன?", "பச்சையாக இருந்த காய் ஏன் வெளுத்துவிட்டது?", "பாயசத்துக்கு எந்த ரகம் போதும்?" இதற்கு ஒழுங்காகப் பதில் எழுதி வைத்திருக்கிற கடைக்குள் அவர் நுழைகிறார். பதில் பிடித்திருந்தால் நூறு கிராம் வாங்கிப் பார்க்கிறார். விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதை நிறுத்திய அன்றே விளம்பரம் நின்றுவிடும். நல்ல கட்டுரை பல மாதங்கள் ஆள் கூட்டிவரும். அந்தக் கணக்கில்தான் முதலாளி பாப்பாவுக்குச் சம்பளம் கொடுக்கிறார்.

இந்தத் தொழிலுக்கு ஒரு கெட்ட காலமும் இருந்தது. என் சித்தப்பா மகன் 2010 வாக்கில் ஒரு கம்பெனிக்கு இப்படி எழுதினான். ஒரே கட்டுரையைச் சொற்களை மாற்றிப்போட்டு இருபது கட்டுரையாக்கிக் கொடுக்க வேண்டும். அவற்றைக் கண்ட கண்ட தளங்களில் போட்டு, அடியில் கடைக்கு ஓர் இணைப்பு வைப்பார்கள். 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றி, அப்படிப்பட்ட தளங்களைப் பின்னால் தள்ளியது. மூன்றே மாதத்தில் அவனுக்கு வேலை போனது, கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை. 2024 மார்ச்சில் கூகுளின் இன்னொரு விதியும் வந்தது: தேடலில் மேலே வருவதற்காக மட்டுமே கூட்டம் கூட்டமாகக் கட்டுரை உற்பத்தி செய்தால், மனிதன் எழுதினாலும் மெஷின் எழுதினாலும், அது குப்பைதான் என்று. ஆகவே பாப்பாவின் முதலாளி "தினம் பத்துக் கட்டுரை, ஏஐயில் போட்டு எடுத்துக் கொடு" என்றால் அங்கே அதிக நாள் இருக்க வேண்டாம். அந்த வேலைக்கு ஆளே தேவைப்படாது.

அவள் அனுப்பிய இரண்டு கட்டுரைகளைப் படித்தேன். இங்கிலீஷ் சுத்தமாக இருக்கிறது. ஆனால் "நறுமணப் பொருட்களின் ராணி ஏலக்காய்" என்று ஆரம்பித்து, எங்கேயும் கிடைக்கிற விஷயத்தையே ஆயிரம் சொல்லுக்கு நீட்டியிருக்கிறாள். அதை டெல்லியில் இருக்கிற பிள்ளையும் எழுதும். போடியில் பிறந்த பிள்ளை எழுத வேண்டியது வேறு. அது உங்களிடம் இருக்கிறது, அக்கா.

நீங்கள் எத்தனை வருடமாகக் காய் தரம் பிரிக்கிறீர்கள்? 8 எம்எம் என்றால் அந்த அளவு ஓட்டை உள்ள சல்லடையில் விழாமல் மேலே தங்குகிற காய் என்று உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அது ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைக்கிறார்கள். பெரிய காய்க்கு விலை அதிகம், ஆனால் வாசனை தோலில் இல்லை, அரிசியில்தான் இருக்கிறது. முற்றிய காயின் அரிசி கறுப்பாக இருக்கும், பிஞ்சில் வெளுத்திருக்கும். பாயசத்துக்குப் பொடித்துப் போடுகிறவர் அளவு பார்த்துக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. கடையே இதை எழுதினால் பெரிய காய் விற்பனை குறையாதா என்று முதலாளி பயப்படுவார். கொஞ்சம் குறையலாம். ஆனால் இப்படி உண்மை சொன்ன கடைக்குத்தான் அந்தப் பெண் அடுத்த தடவையும் வருவார்.

இன்னும் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காயை ஸ்டோரில், அதாவது சூடு போட்டுக் காய வைக்கிற கூடத்தில், உலர்த்தினால் ஒரு கிலோதான் தேறும். சூடு கூடினால் காய் வெடிக்கும், நிறம் போகும். வீட்டில் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வெயில் படுகிற ஜன்னலோரம் வைத்தாலும் வெளுக்கும். இதெல்லாம் உங்களுக்குச் சாதாரணப் பேச்சு, வாங்குகிறவருக்குப் புதுச் செய்தி. 2018 வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் அடிவாங்கி, அடுத்த கோடையில் வறட்சியும் சேர்ந்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது நினைவிருக்கிறதா? "ஏலக்காய் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது" என்று அந்த ஒரு வருடத்தை வைத்தே அவள் ஒரு கட்டுரை எழுதலாம். இன்றைய விலையை மட்டும் கட்டுரைக்குள் எழுத வேண்டாம். அது ஏலத்துக்கு ஏலம் மாறும், மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு தன் தளத்தில் அன்றன்று போடுகிறது, அங்கே பார்க்கச் சொன்னால் போதும்.

நேரமும் முக்கியம். எழுதிப் போட்ட மறுநாளே கட்டுரை தேடலில் மேலே வராது, மாதக்கணக்கில் ஆகும். தீபாவளி வியாபாரத்துக்கான கட்டுரையை ஆடியிலேயே எழுதி முடித்திருக்க வேண்டும். ஐப்பசியில் எழுதினால் அடுத்த வருடத்துக்குத்தான். எந்தக் கேள்வியைக் கேட்டு ஆட்கள் கடைக்குள் வந்தார்கள் என்பதை கூகுளின் சர்ச் கன்சோல் இலவசமாகவே காட்டும். அதை முதலாளியிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துச் சம்பளம் கூட்டிக் கேட்கிற அன்றைக்கு அந்தக் கணக்குக் கையில் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். இரண்டாவது கட்டுரையில் "தினம் இரண்டு ஏலக்காய் மென்றால் சர்க்கரை நோய் குணமாகும்" என்று ஒரு வரி இருந்தது. கேட்டேன், முதலாளி சேர்க்கச் சொன்னாராம். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்கக் கூடாது என்று மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விதிமுறை சொல்கிறது. பொய் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கட்டுவது முதலாளியாகவே இருக்கட்டும், ஆனால் கட்டுரையில் இருப்பது பாப்பாவின் பெயர். நாளை வேறு கம்பெனியில் வேலை கேட்டுப் போனால் அவர்கள் முதலில் படிப்பது அதைத்தான். "வாசனைக்கும் ருசிக்கும் எழுதுகிறேன், வைத்தியம் எழுத மாட்டேன்" என்று நேராகச் சொல்லட்டும். அதற்காக வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும்.

அப்புறம், காசு. இந்தத் துறையில் சொல் கணக்கில் கூலி பேசுவார்கள். சொல்லுக்கு 20 பைசா என்றால் ஆயிரம் சொல்லுக்கு 200 ரூபாய். விசாரித்து, படம் எடுத்து, எழுதித் திருத்த இரண்டு நாள் ஆகும். ஒரு நாளுக்கு 100 ரூபாய், உங்கள் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுரைக்கு இவ்வளவு, எத்தனை தடவை திருத்தித் தருவேன், எந்தத் தேதிக்குள் பணம் வர வேண்டும் என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். சில கும்பல்கள் எழுதி வாங்கிவிட்டு, தப்பு இருக்கிறது, நஷ்டஈடு கட்டு என்று வக்கீல் நோட்டீஸ் படம் அனுப்பி மிரட்டும். பயந்து பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் செய்யுங்கள்.

சரி, பி.எட். விஷயம். அவளுக்குப் பாடம் நடத்தப் பிடிக்குமா என்று கேட்டீர்களா? பிடிக்கும் என்றால் தாராளமாகச் சேருங்கள். இரண்டு வருடப் படிப்பு, அதற்குப் பிறகு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அதற்குப் பிறகும் காத்திருப்பு இருக்கும். அந்தக் காலத்தில் வாரம் ஒரு கட்டுரை எழுதினால் கைச்செலவுக்கு ஆகும், கையும் பழகும். பிடிக்காது என்றால், ஊருக்குப் பதில் சொல்வதற்காக மட்டும் இரண்டு வருடப் பணத்தைக் கட்டாதீர்கள். என் கணக்கில் இவளுக்கு ஒரு வருடம் கொடுக்கலாம். ஒரே கடையை நம்பி இருக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. குமுளியில் எத்தனை மசாலாக் கடைகள்! தேக்கடி பார்க்க வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள், தீர்ந்த பிறகு திரும்ப வாங்க வழி தெரியாமல் ஏதோ ஒரு தளத்தில் வாங்குகிறார்கள். உங்கள் பாப்பாவுக்குத் தமிழ் உண்டு, இங்கிலீஷ் உண்டு, நெடுங்கண்டத்தில் மாமா வீட்டில் வளர்ந்ததால் மலையாளமும் சரளம். அந்தக் கடைக்காரர்களிடம் மலையாளத்தில் பேசி, வாங்குகிறவருக்கு இங்கிலீஷில் எழுதித் தர இந்தப் பக்கம் ஆள் குறைவு. மாதிரிக்கு நல்ல கட்டுரை மூன்று கையில் இருந்தால் போதும், நேரில் போய்க் காட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு லீவுதானே? அன்றைக்கு அவளை ஒரு நோட்டோடு உங்கள் எதிரில் உட்கார வையுங்கள். காய் பற்றி அவள் பத்துக் கேள்வி கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள், சொன்னபடியே எழுதிக்கொள்ளட்டும். முடிந்தால் நாலு ரகக் காயையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்துப் படம் எடுக்கட்டும், வெயிலில் வேண்டாம், வாசல் நிழலில். அதிலிருந்து ஒரு கட்டுரை எழுதி, புதன்கிழமை சாயங்காலம் அவளையே என்னிடம் வரச் சொல்லுங்கள். முதலாளி அனுப்பிய மெசேஜ்களையும் பான் கார்டையும் எடுத்துவரட்டும். சம்பளத்தில் வரி பிடிக்கிறார்களா என்று பார்த்து, பிடித்திருந்தால் திரும்ப வாங்குகிற வழியையும் சொல்லித் தருகிறேன்.