கூரையில் துளை போடாமல் மீன்தொட்டி விளக்கைத் தொங்கவிட

கோலாலம்பூர் காண்டோவில் வாடகைக்கு இருக்கிறீர்கள், கூரையில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார், நாலடித் தொட்டிக்கு மேல் மூன்று கிலோ எல்இடி விளக்கைத் தொங்கவிட வேண்டும். சரிதானே?

முதலில், ஒட்டுக்கொக்கி வேண்டவே வேண்டாம். நான் பட்டுவிட்டேன். பசை கடைசிவரை விடவில்லை. உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து அதோடு சேர்ந்து வந்தது. நல்லவேளை, விளக்கு தொட்டியின் விளிம்பில் சாய்ந்து நின்றது. ஜிப்சம் கூரையும் உதவாது. வெறும் பலகையில் போட்ட ஸ்க்ரூ நாளாக ஆகப் பொடியை உதிர்த்துக்கொண்டு இறங்கிவிடும்.

பாரத்தைக் கூரைக்குக் கொடுக்காமல் ஸ்டாண்டுக்குக் கொடுங்கள். முக்கால் இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பு இரண்டு, ஸ்டாண்டின் பின்பக்க மரச்சட்டத்தில் நெட்டுக்குத்தாக. ஒவ்வொன்றையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஒன்று மட்டும் போட்டால் பைப்பு முன்னால் சாயும். உச்சியில் எல்போ (பைப்பைத் திருப்பும் வளைவு இணைப்பு), அங்கிருந்து தொட்டியின் நடுவரை கை மாதிரி நீளும் ஒரு பைப்பு. அதிலிருந்து ஸ்டீல் கம்பிவடம். உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற கிரிப்பர் வாங்கிவிட்டால் பாசி பிடிக்கும்போது விளக்கைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். ஸ்டாண்ட் வெறும் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) என்றால் ஸ்க்ரூ நிற்காது, பலகையை ஊடுருவிப் போகிற போல்ட் போட்டு மறுபக்கம் வாஷரோடு நட்டு முடுக்குங்கள்.

அப்புறம், ஒயரை நேராக பிளக்குக்கு இழுக்காதீர்கள். பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஸ்டாண்ட் மரமா, இரும்பா?