மாத்திரை ஏன் கரையவில்லை என்று தேடிப் போகும் வேலை

கேள்வி: மதுரையில் பி.ஃபார்ம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சி விஞ்ஞானி ஆக ஆசை. அப்பாவோ, "படிப்பை முடி, பஸ் ஸ்டாண்டு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்துத் தருகிறேன்" என்கிறார். எம்.ஃபார்ம் போதுமா, பிஎச்.டி. வேண்டுமா? அங்கே உண்மையில் என்ன வேலை?
– ஒரு மாணவி, உசிலம்பட்டி

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறோம், தங்கை. அது தெளிவானால்தான் மற்றதை முடிவு செய்யலாம்.

நம் நாட்டு மருந்துக் கம்பெனிகளின் ஆர் அண்ட் டி-யில் (ஆராய்ச்சிப் பிரிவில்) புது மூலக்கூறு தேடுபவர்கள் குறைவு. ஏற்கெனவே இருக்கும் மருந்தை, அசல் மாத்திரைக்கு நிகராகக் கரையும்படியும் கெடாமலும் செய்து காட்டுவதுதான் பெரும்பாலானோரின் வேலை. மாத்திரை கரைவதை அளக்கும் டிஸொல்யூஷன் சோதனையில் பெரும்பாலும் 900 மி.லி. திரவம், 37 டிகிரி சூடு, நிமிடத்துக்கு 50 சுற்று சுழலும் துடுப்பு. இரண்டு மாத்திரைகளின் கரைதல் கோடுகளை ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எஃப்2 எண் 50-க்குக் கீழே போகக்கூடாது.

2 கிலோ பேட்சில் அருமையாக வந்த மாத்திரை, 100 கிலோ பேட்சில் கரையாமல் நிற்கும். முதலில் சந்தேகப்பட வேண்டியது மேக்னீசியம் ஸ்டியரேட்டை. மாத்திரையை அழுத்தும் அச்சில் (பஞ்ச்) ஒட்டாமலிருக்க 0.25 முதல் 1 சதவீதம் வரை சேர்ப்பார்கள். அது தண்ணீரை ஒட்டவிடாத பொருள். பெரிய பிளெண்டரில் கூடுதலாகச் சுற்றினால் துகள்மேல் படலமாகப் பூசிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே போகாது, மாத்திரையின் உறுதியும் குறையும். அதனால் நிமிடக் கணக்கைவிட சுற்றுக் கணக்கைப் பார்க்க வேண்டும். அளவையும் குறைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது காத்திருப்பு, அதாவது மருந்து கெடாமல் நிற்கிறதா என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி சோதனை. 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் மாத்திரையை வைத்து இடையிடையே சோதிப்பார்கள். மூன்றாம் மாதம் இம்ப்யூரிட்டி (மருந்து சிதைந்து உண்டாகும் மாசு) ஏறினால், பிவிசி பிளாஸ்டிக் பிளிஸ்டரிலிருந்து இருபுறமும் அலுமினியமான அலு-அலு அட்டைக்கு மாறலாம், அல்லது ஃபார்முலாவையே மாற்ற வேண்டிவரும். மாற்றினால் ஸ்டெபிலிட்டி கணக்கு மறுபடி முதலிலிருந்து. இந்தப் பொறுமை உங்களிடம் உண்டா என்பதுதான் மதிப்பெண்ணைவிட முக்கியமான கேள்வி.

இதைச் சோதிக்க எட்டாம் செமஸ்டர் புராஜெக்ட் இருக்கிறது. பழைய புராஜெக்டை டைப் அடித்துக் கொடுக்கும் வழக்கத்துக்குப் போகாதீர்கள். பாராசிட்டமாலை எடுங்கள். ஸ்டியரேட் 0.5, 1, 2 சதவீதம். ஒவ்வொன்றையும் 2 நிமிடம், 15 நிமிடம் கலந்து ஆறு பேட்ச் போடுங்கள். எடையும் அழுத்தமும் ஆறிலும் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. பிஎச் 5.8 பாஸ்பேட் பஃபரில் கரைத்து, யூ.வி. கருவியில் 243 நானோமீட்டரில் அளக்கலாம். பாராசிட்டமால் மேல்மூடி பெயர்ந்து கேப்பிங் ஆகும் குணமுள்ளது. அப்படி ஆகிவிட்டால் அதையும் அப்படியே நோட்டில் எழுதுங்கள். தவறாக எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இடுங்கள். ஒயிட்னர் கூடவே கூடாது. இன்டர்வியூவில் உங்களுக்காகப் பேசப்போவது இந்த நோட்டுதான்.

இந்த வேலை பிடித்தால் எம்.ஃபார்மில் மருந்தை மாத்திரையாக வடிவமைக்கும் பிரிவான ஃபார்மசூட்டிக்ஸ். கருவி பிடித்தால் அனாலிசிஸ்; அதில், மருந்தைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் பாஸ்பேட் பஃபர் ஓட்டிவிட்டு நேராக அசிட்டோநைட்ரைலுக்கு மாற்றினால் உப்பு படிந்து பிரஷர் எகிறும் என்பது போன்ற விஷயங்களில் கை பழக வேண்டும். இந்த இரண்டிலும் வேலைக்குச் சேர எம்.ஃபார்ம் போதும். புது மூலக்கூறு ஆராய்ச்சியில் குழுவை நடத்தும் இடத்துக்கு வர பிஎச்.டி. வேண்டும். பிஎச்.டி. படிப்போருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000.

அதற்கு முன் எம்.ஃபார்முக்கான தேசிய நுழைவுத் தேர்வான ஜிபேட். இறுதியாண்டிலேயே எழுதலாம்: 125 கேள்வி, 3 மணி நேரம், சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். தேறி முழுநேர எம்.ஃபார்ம் சேர்ந்தால் 24 மாதங்களுக்கு, மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஹைதராபாத், மொஹாலியில் உள்ள மத்திய அரசின் நைப்பர் மருந்துக் கல்வி நிறுவனங்களுக்குப் போகவும் அது தேவை. வீட்டை விட்டு தூரம் போக முடியாதென்றால் மதுரை மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் கல்லூரியிலேயே எம்.ஃபார்ம் உண்டு. ஆனால் பிறகு வேலைக்கு ஹைதராபாத், பெங்களூரு, அகமதாபாத், சென்னை என்று போயாக வேண்டியிருக்கும். இதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கடை விஷயம்: பி.ஃபார்ம் முடித்ததும் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளுங்கள். அது இருந்தால் பின்னால் எப்போது வேண்டுமானாலும் 10 சதுர மீட்டர் இடத்தில் சில்லறை லைசன்ஸ் கேட்கலாம். ஆனால் நீங்கள் வெளியூரில் படிக்கும்போது உங்கள் சர்டிபிகேட்டை வைத்துக் கடை திறக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். மருந்தாளுநர் கடையில் இருந்து மேற்பார்க்க வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் தவறான மருந்து போய்ச் சேர்வது யாரோ ஒரு நோயாளியிடம். பறிபோவது உங்கள் பதிவு.