பொதி கட்ட முன்னம் அடுப்படியைப் பாருங்கள்

கேள்வி: வன்னியில் விசுவமடுப் பக்கம் தினமும் 70 பேருக்கு மதியச் சோறு கொடுக்கிறோம். பெரும்பாலும் தனித்துவிட்ட முதியவர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் மூன்று கிழமை மூடிவிட்டோம். அந்தக் கவலை இன்னும் போகவில்லை. இனியொரு தொற்று வந்தால், சமையலை விட்டு உலர் உணவுப் பொதி கொடுத்தால் போதுமா?

பதில்: எல்லோருக்கும் போதாது. கூடியிருந்து சாப்பிடுவதை மட்டும் நிறுத்துங்கள், அடுப்பு எரியட்டும்.

சமைப்பவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு குழுவாக விடுங்கள். மற்றக் குழு குசினிப் பக்கமே வரக்கூடாது. ஒரு குழு தனிமைப்படுத்தலுக்குப் போனாலும் சோறு நிற்காது. காய்ச்சல் என்று சொல்பவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்தே வீட்டுக்கு அனுப்புங்கள். கூலியை வெட்டினால் பனடோலைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். சோறு இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள் வாய்க்குப் போகவேண்டும். தேங்காய்ச் சம்பல் வேண்டாம், வன்னி வெயிலுக்குத் தாங்காது.

சரி, பொதி யாருக்கு? வீட்டில் சமைக்கக்கூடிய ஆள் இருப்பவர்களுக்கு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஊரடங்கு முடிந்த பிறகு ஒரு அம்மாவின் கொட்டிலுக்குப் போனேன். கட்டிலுக்குக் கீழே மூன்று பொதிகள், முடிச்சுக்கூட அவிழ்க்கவில்லை. சீனிப் பையில் எறும்பு. அவருக்குக் கண் மங்கல். கிணறு அடுத்த வளவில், விறகு பொறுக்க ஆளில்லை. பிளேன்ரீயில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டே நாளை ஓட்டியிருக்கிறார். பட்டியலில் மூன்று தடவையும் அவர் கைநாட்டு இருந்தது. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருப்பவர், ஷெல்லில் கை இழந்தவர், பத்தியச் சாப்பாட்டுக்காரர், மகள் வேலைக்குப் போய் ஊரடங்கில் வேறு மாவட்டத்தில் அகப்பட்டுப்போன முதியவர், இவர்களுக்கெல்லாம் அரிசி தருவது பானை தராமல் தண்ணீர் தருவது மாதிரி. இவர்களுக்குச் சமைத்த சோறுதான். தூக்குச்சட்டியை வாசலில் வைத்துக் கூப்பிட்டு, ஆள் வந்து எடுக்கும்வரை தள்ளி நில்லுங்கள். எடுக்க வராவிட்டால் உடனே பக்கத்து வீட்டைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது, 'நாங்களே பொதி போட்டுத் தருகிறோம்' என்று வருபவர்கள். பையில் '5 கிலோ அரிசி, இரண்டு கிழமைக்கு' என்று எழுதியிருக்கும். கணக்குப் பாருங்கள். நான்கு பேர், 14 நாள் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 90 கிராம்கூட வராது. அரிசி அளக்கும் சுண்டில் அரைவாசிகூட இல்லை. இதில் அரிசி பழசு, நிறை குறைவு, மேலே பருப்பு ஒரு கைப்பிடி. ஒரு பொதியையாவது பிரித்துத் தராசில் போடாமல் காசு கொடுக்காதீர்கள். பெரும்போக நெல் வீட்டுக்கு வீடு கிடக்கிற மண் இது. கமக்காரரிடம் வாங்கி ஊர் ஆலையில் குற்றுங்கள், காசும் ஊரிலேயே நிற்கும். அப்புறம், பட்டியலும் அடையாள அட்டைப் பிரதியும் கேட்டு வருகிற ஆட்கள். ஒரே பட்டியலை வெளிநாட்டில் இரண்டு மூன்று இடத்தில் காட்டிக் காசு எடுத்ததைக் கண்டிருக்கிறேன். பெயர்கள் உங்கள் கொப்பியை விட்டு வெளியே போகக்கூடாது. சாப்பாட்டைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கவும் விடாதீர்கள்.

ஊரடங்கில் வெளியே போக எடுக்கும் பாஸ் விடயம். தொற்று வந்த பிறகு ஓடினால் கிராம அலுவலர் பிரதேச செயலகத்தைக் காட்டுவார், அவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைக் காட்டுவார்கள், அவர்கள் பொலிசைக் காட்டுவார்கள். அதற்குள் சோறு புளித்துவிடும். பதிவு ஒரு கிராம அலுவலர் பிரிவில், குடியிருப்பு இன்னொரு பிரிவில் என்றால் இரண்டு பக்கமும் கைவிரிக்கும். எத்தனை தடவை இடம்பெயர்ந்த சனம்! இவர்களிடம் பதிவு எங்கே என்று கேட்க எப்படி மனம் வருகிறதோ தெரியவில்லை. உங்கள் கொப்பியில் பதிவைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து எழுதுங்கள். சமைப்பவர்கள், கொண்டு போகிறவர்கள் பெயர், வாகன இலக்கம், போகும் பாதை எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் எழுதி, பிரதேச செயலகத்தில் இப்போதே கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.