சினிமா விளம்பரக் கூத்தைக் கிண்டல் செய்து ஒரு சபா நாடகம் எழுத நினைக்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் எந்தக் காலத்தில் நடக்கிறது என்று முடிவு செய்யுங்கள், கதை பிறகு. தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பாளர்) என்று சொல்லப்படும் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் 'நாடோடி மன்னன்' படத்துக்கு வேலை பார்த்தது 1958-இல். அந்தக் காலம் என்றால் பிட் நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், பசை வாளி என்று எல்லாமே கையில் பிடிக்கிற சாமான். இன்றைய விளம்பரம் முக்கால்வாசி போனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பதினைந்தாவது வரிசையில் இருப்பவருக்குப் போன் திரை தெரியாது. ட்ரெண்டிங் ஜோக்கை யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். இரண்டு முறை அப்படி வாசித்தால் ரேடியோ நாடகமாகிவிடும்.

இன்றைய கதைதான் வேண்டும் என்றால் இசை வெளியீட்டு விழாவை எடுங்கள். ஆனால் விழா மேடையைக் காட்டாமல் அதற்குப் பின்னால் உள்ள அறையைக் காட்டுங்கள். ஒரே செட்: சோபா, மேக்கப் கண்ணாடி, காபி பிளாஸ்க், விழா மேடைக்குப் போகும் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஹீரோவை "தயாரிப்பாளர்களின் தங்கம்" என்று மைக்கில் புகழ்கிறார்கள். இந்தப் பக்கம் டப்பிங் பேச வராததற்குத் தயாரிப்பாளர் அவரைப் பிடித்து உலுக்குகிறார். புகழ்ச்சி வசனத்தை நிஜ விழாவில் பேசுகிற அளவிலேயே விடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் சிரிப்பு வராது.

அந்த மைக் குரலைப் பதிவு செய்து ஓட்டாதீர்கள். ஒரே ஜோக்குக்கு ஒரு ஹாலில் மூன்று விநாடி சிரிப்பு வரும், இன்னொன்றில் பத்து. பதிவு நிற்காது, அடுத்த இரண்டு வசனம் சிரிப்பில் அமுங்கிப் போகும். சைடு விங்கில் (மேடையோரத்து மறைவில்) ஒரு நடிகர் கை மைக்கோடு நின்று பேசட்டும். ஆள் இல்லையென்றால் வசனத்துக்கு ஒரு டிராக்காக வெட்டிக்கொண்டு, சிரிப்பு இறங்க ஆரம்பிக்கும்போதே அடுத்ததைத் தட்ட வேண்டும். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் வேகம் போய்விடும்.

பொன்னாடை காமெடி கட்டாயம் எடுபடும்: ஆறு விருந்தினர், ஒரே பொன்னாடை. போர்த்திக்கொண்டு உள்ளே வருபவரிடமிருந்து பி.ஆர்.ஓ. உருவி, மடித்து, மறுபடி கதவு வழியே அனுப்புகிறார். மூன்றாவது சுற்றில்தான் சிரிப்பு உச்சம். நான்காவதில் எதையாவது மாற்றியே ஆகவேண்டும். காபி கொண்டுவந்த பையன் தோளில் அது விழுந்துவிடலாம். வழுக்குகிற பட்டுத் துணி மடிக்கும்போது கையை விட்டு நழுவும், காட்டன் கலந்தது நல்லது. ஒரே மாதிரி இரண்டு ஸ்பேர் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று எப்படியும் தப்பான விங்கில் மாட்டிக்கொள்ளும். முக்கியமாக, காலர் மைக்கில் பொன்னாடை உரசினால் ஹால் முழுக்க கரகரவென்று கேட்கும். காதோரம் மாட்டும் மைக்கும் வேண்டும், ஜரிகை இல்லாத ஓரமும் வேண்டும். தொங்கும் மைக் உள்ள ஹாலில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பஞ்ச் சொல்பவர் அதன் கீழே வந்து நின்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த காட்சி இரண்டாவது நாளே நடக்கும் சக்சஸ் மீட். செட்டை மாற்ற வேண்டாம். பேனரை இரு பக்கமும் எழுதி வைத்துத் திருப்புங்கள். அதற்காக விளக்கை அணைக்கும் பிளாக்-அவுட் 20 விநாடியைத் தாண்டினால் ஹாலில் பேச்சு கிளம்பிவிடும்.

நிஜ நடிகர் பெயரோ பட்டமோ வேண்டாம். சபா செயலாளர் வெட்டச் சொல்வார். வெட்டாவிட்டாலும் அடுத்த வருடம் அந்த ஜோக் ஊசிப்போயிருக்கும்.