1904ல் ஆங்கிலேயர் அனுப்பி திபெத்துக்குப் படையெடுத்துப் போன இந்தியச் சிப்பாய்கள் லாசாவில் கால்பந்தும் குதிரைப் பந்தயமும் நடத்தினார்களாமே? சண்டைக்குப் போனவர்களுக்கு விளையாட்டு எதற்கு?

நீங்கள் பட்டாளத்தைப் படத்தில் மட்டும் பார்த்தவர் என்று நினைக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் 17 வருடம் ராணுவத்தில் இருந்தவன். அதில் இரண்டு குளிர்காலம் கிழக்கு சிக்கிமில், யங்ஹஸ்பண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு அந்தப் படை திபெத்துக்குள் ஏறிப் போன அதே ஜெலப் லா கணவாய்க்குக் கீழே. அதனால் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

விளையாடியது உண்மைதான். ஆகஸ்ட் தொடக்கத்தில் லாசா போய்ச் சேர்ந்தார்கள். திபெத்தியர்களோடு ஒப்பந்தம் கையெழுத்தானது செப்டம்பர் 7ல். நடுவில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை. பேசுவது பெரிய அதிகாரிகளின் வேலை. சீக்கியரும் கூர்க்காவும் அத்தனை நாளும் என்ன செய்வார்கள்? அதற்கு முன் ஜனவரியிலிருந்து மார்ச் கடைசி வரை துனா என்ற இடத்தில், சுமார் 15,000 அடி உயரத்தில், வெட்டவெளியில் கிடந்தவர்களும் அந்தப் படையில் உண்டு. துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெய் உறைந்துவிடும் குளிர். நிமோனியாவில் ஆட்கள் செத்தார்கள்.

எங்கள் போஸ்டில் கல் நிரப்பிய இரண்டு பீப்பாயில் கம்பு நட்டு வாலிபால் நெட் கட்டியிருந்தோம். ஒரு செட் ஆடினாலே நெஞ்சு அடைக்கும். அந்த உயரத்தில் காற்று லேசு, ஓங்கி அடித்தால் பந்து எங்கேயோ போய் விழும். ஒரு பிப்ரவரியில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு அப்பா இறந்த செய்தி வந்தது. பனியில் பாதை அடைத்துக் கிடந்தது, ஒன்பது நாள் அவனைக் கீழே அனுப்ப முடியவில்லை. இரண்டு நாள் அவன் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. ராத்திரி சென்ட்ரி டியூட்டிக்கு அவனைத் தனியாக விடவே எங்களுக்குப் பயம். மூன்றாம் நாள் சுபேதார் சாப் அவன் கையில் விசிலைத் திணித்து, "டேய், இன்னைக்கு நீதான்டா ரெஃப்ரி" என்றார். பாயிண்டெல்லாம் தப்புத் தப்பாகச் சொன்னான். ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டாவது செட் பாதியில் விசிலை என்னிடம் கொடுத்துவிட்டு அவனே உள்ளே இறங்கினான். அன்று ராத்திரி லங்கரில், அதாவது சாப்பாட்டுக் கூடத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று சப்பாத்தி சாப்பிட்டான்.

விளையாட்டு எதற்கு என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து இதற்குத்தான்.

சரி, அந்தப் படையெடுப்புக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் கமெண்டில் வர வேண்டாம். மார்ச் 31ல் குரு என்ற இடத்தில் திரி பற்றவைத்துச் சுடும் பழைய துப்பாக்கியும் வாளும் வைத்திருந்த திபெத்தியர்களை மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். 600 பேருக்கு மேல் செத்தார்கள். திரும்பி மெல்ல நடந்து போனவர்களையும் விடவில்லை. அது அநியாயம், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அங்கே போகலாம் என்று முடிவெடுத்தவன் சிப்பாய் இல்லை. அந்தப் பயணத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்களும் அதிகாரிகள், மருத்துவர்கள், பத்திரிகைக்காரர்கள். அதனால் குதிரைப் பந்தயம்தான் நம் கண்ணில் படுகிறது. ராத்திரி கூடாரத்துக்குள் ஒரு சீக்கியன் ஊரை நினைத்துப் பாடியிருந்தால் அதை யார் எழுதப் போகிறார்கள்?

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் பென்ஷன் விஷயமாக ஓர் அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தேன். உயிரோடு இருக்கிறேன் என்ற சான்றிதழைக் கொடுத்தும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்று மூன்று மாதம் பணம் நின்றுபோனது. நாலாவது தடவை கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். அங்கிருந்தவர், "அங்க ரம் குடிச்சிட்டுச் சீட்டு ஆடினவங்கதானே, கொஞ்சம் பொறுங்க" என்றார். என் மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். அன்று நான் பதில் பேசாமல் வந்துவிட்டேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.